செல் வளர்ப்பில் கலப்படம் வராமல் இருக்க
புற்றுநோய் ஆய்வகத்தில் புதிதாக ஆய்வு உதவியாளராகச் சேர்ந்திருக்கிறீர்களா? முதல் நாளிலிருந்தே இந்தப் பழக்கம் வேண்டும்: ஹூடுக்குள் (கிருமி புகாதபடி வடிகட்டிய காற்று வீசும் வேலைப் பெட்டி) ஒரு நேரத்தில் ஒரே ஒரு வகைச் செல்தான். ஒவ்வொரு வகைக்கும் தனி மீடியா (செல்களுக்கான ஊட்டத் திரவம்) பாட்டில். 1951இல் ஒரு நோயாளியின் புற்றுக்கட்டியிலிருந்து உருவான ஹீலா செல்கள் அவ்வளவு வேகமாக வளரும். ஒரு துளி தெறித்தாலே போதும், மற்ற செல்களை மெல்ல ஓரங்கட்டிவிடும். அப்படிக் கலந்துபோன செல்களை நம்பி வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகள் ஏராளம். அதில் வீணான உழைப்பை நினைத்தால் மனசு கனக்கிறது.

அப்புறம், செல் வளர்ப்பில் புகுந்துவிடும் மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா. இதற்குச் செல்சுவரே கிடையாது, அதனால் செல்சுவரைக் குறிவைக்கும் பெனிசிலினுக்கு அசையாது. சாதாரண நுண்ணோக்கியிலும் தெரியாது. மாதம் ஒருமுறை பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும்) சோதனை செய்துவிடுங்கள்.

குப்பியில் செல்லின் பெயர், பாசேஜ் எண் (செல்களை எத்தனை முறை புதுக் குப்பிக்கு மாற்றினோம் என்ற கணக்கு), தேதி மூன்றையும் ஆல்கஹால் பட்டாலும் அழியாத பேனாவால் எழுதுங்கள்.