புதிய தொடக்கநிலை ஐடி சான்றிதழா? கட்டணம் கட்டும் முன்

நீங்கள் குறிவைக்கும் பதவிக்கான 30 வேலை விளம்பரங்களைத் திறந்து, எத்தனையில் அந்தச் சான்றிதழின் பெயர் வருகிறது என்று எண்ணுங்கள். ஒன்றிலும் இல்லையென்றால் பாடத்திட்டத்தை மட்டும் இறக்கிப் படியுங்கள், தேர்வு வேண்டாம். புதிய சான்றிதழ்கள் இங்கேதான் சறுக்குகின்றன: பாடம் நன்றாகவே இருக்கும், ஆளெடுப்பவருக்குப் பெயர் தெரியாது.

அடுத்து மொத்தச் செலவு. கணினி உதவிப் பணிகளுக்கான தொடக்கநிலைச் சான்றிதழான காம்ப்டியா ஏ பிளஸுக்கு இரண்டு தேர்வுகள், தனித்தனிக் கட்டணம். 3 ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும். நெட்வொர்க் வேலைதான் இலக்கு, சப்நெட் (பெரிய நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பது) ஓரளவு புரியும் என்றால், சிஸ்கோவின் தொடக்கநிலைச் சான்றிதழான சிசிஎஸ்டியைத் தாண்டி, அதற்கு அடுத்த நிலையான சிசிஎன்ஏவை நேராக எழுதலாம். அதற்கு முன்தகுதி கேட்பதில்லை.

எதை எழுதினாலும் கையால் செய்து பாருங்கள். ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு விண்டோஸ், ஒரு லினக்ஸ் நிறுவி, ஒன்றிலிருந்து மற்றதற்கு பிங் செய்யுங்கள், அதாவது இணைப்பு இருக்கிறதா என்று சோதிக்கும் கட்டளையை அனுப்புங்கள். அது மற்றதை எட்டாது. காரணம், இயல்பான நாட் (NAT) அமைப்பில் ஒவ்வொன்றும் தனித்தனியாக வெளி இணையத்தோடு மட்டும் பேசும், இரண்டும் ஒன்றையொன்று பார்க்காது. இரண்டையும் தங்களுக்குள் இணைக்கும் இன்டர்னல் நெட்வொர்க் அமைப்புக்கு மாற்றி, இரண்டுக்கும் ஒரே சப்நெட்டில் ஐபி முகவரி கொடுங்கள். பிறகும் விண்டோஸ் பதில் தராவிட்டால் பெரும்பாலும் அதன் ஃபயர்வால் (பாதுகாப்புத் தடுப்பு) தடுக்கிறது. கண்டுபிடித்த வழியைப் படிப்படியாக எழுதி, விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்புங்கள்.