மழை பெய்தாலே ட்ரிப் ஆன ஆர்சிசிபி

வேளச்சேரியில் தரைத்தள வீடு. ஐப்பசி மழை பிடித்தாலே ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்துவிடும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே வெட்டும் வகை. "அதை எடுத்துட்டு டைரக்டா கொடுத்துடவா சார்?" என்றார் முதலில் வந்தவர். கூடவே கூடாது. அது விழுகிறதென்றால் கரண்ட் எங்கோ மண்ணுக்குப் போகிறது. நம் உடம்பு வழியாகவும் போகும்.

அடுத்து வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் எம்சிபிகளை (ஒவ்வொரு லைனுக்கும் உள்ள பாதுகாப்பு சுவிட்சுகளை) ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தார். பிடிபடவில்லை. சிங்கிள் போல் எம்சிபி பேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் அப்படியே இருக்கும். நியூட்ரல் ஈரத்தில் எர்த்தைத் தொட்டாலும் ஆர்சிசிபி விழும். அதனால் மெயினை அணைத்து, நியூட்ரல் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்தார். கேட் லைட் ஒயரை எடுத்ததும் ட்ரிப் ஆவது நின்றது!

காம்பவுண்டு சுவர் ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தால் அடியில் தண்ணீர். டேப் பிரிந்து, செம்பு பச்சை பூத்திருந்தது. நடுவில் ஜாயின்ட் இல்லாத புது ஒயர் இழுத்து, தண்ணீர் புகாத பாக்ஸை மார்பளவு உயரத்தில் வைத்து, பைப்பைக் கீழ்ப்பக்கமாக நுழைத்தோம். மிக்ஜாம் மழையிலும் விழவில்லை. மாதமொருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கிறேன்.

இன்னொன்று: வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் முன்பே மெயினோடு இன்வெர்ட்டரையும் அணையுங்கள். தெருவில் கரண்ட் போனாலும் இன்வெர்ட்டர் லைனில் மின்சாரம் இருக்கும். கம்பி அறுந்து கிடந்தால் அந்தத் தண்ணீரில் கால் வைக்காமல் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தை அழையுங்கள்: 94987 94987.