உணவக வேலையில் காயம் பட்டால்: சிகிச்சையும் இழப்பீடும்

கொதிக்கும் எண்ணெயும் கூரிய கத்தியும் ஈரத் தரையும் ஒன்றாக இருக்கும் சமையற்கூடத்தில், காயத்தைத் துணியால் கட்டிக்கொண்டு வேலையைத் தொடர்வதையே பலரும் திறமை என்று கருதுகிறார்கள். உரிய இழப்பீடு கைநழுவிப் போவதும் பெரும்பாலும் இந்தப் பழக்கத்தால்தான்.

முதலில் காயத்தைக் கவனியுங்கள். பொரிக்கும் எண்ணெயின் சூடு 170 முதல் 190 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் என்பதால், பட்ட இடத்தை உடனே ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் வைத்து, வீக்கம் தொடங்குமுன் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட வேண்டும். பனிக்கட்டி, பற்பசை, வெண்ணெய் எதையும் வைக்கக் கூடாது. வெட்டுக்காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். விரல் மடங்காமலோ மரத்துப்போயோ இருந்தால் தசைநாணோ நரம்போ அறுந்திருக்கக்கூடும். அன்றே மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்.

வேலை செய்யும்போது நேர்ந்த காயம் என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லி, அது மருத்துவக் குறிப்பில் எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டில் விழுந்ததாகச் சொல்லும்படி மேலாளர் கேட்டாலும் இணங்காதீர்கள். முதல் நாள் குறிப்பில் 'வீடு' என்று பதிவாகிவிட்டால், பிறகு எத்தனை சாட்சிகள் வந்தாலும் அதை மாற்றுவது மிகக் கடினம்.

அன்றைக்கே நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். நேரம், இடம், செய்துகொண்டிருந்த வேலை, காயம் பட்ட உறுப்பு, அருகில் இருந்தவர்களின் பெயர்கள் ஆகியவை போதும். கைபேசியில் அனுப்பும் செய்தியும் தேதியோடு பதிவாவதால் பயன்படும். தரையைத் துடைப்பதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்; விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லி நகலும் கேளுங்கள்.

தன் கவனக்குறைவால் நேர்ந்ததென்று எண்ணி வாய்திறக்காமல் இருப்பவர்கள் ஏராளம். அது தேவையற்ற அச்சம். ஜெர்மனி 1884இல் கொண்டுவந்த விபத்துக் காப்பீட்டுச் சட்டம் முதலாக, இத்தகைய திட்டங்களில் பெரும்பாலானவை யார் தவறு என்பதைப் பாராமல், காயம் வேலையால் வந்ததா என்பதையே பார்க்கின்றன. வேண்டுமென்றே வருவித்துக்கொண்ட காயமும், பல நாடுகளில் போதையில் நேர்ந்த காயமும் விலக்கு.

மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத நாட்களின் ஊதியத்தில் ஒரு பகுதி, நிரந்தர ஊனத்துக்கான தொகை ஆகியவை பொதுவாக இழப்பீட்டில் அடங்கும். ஊதியத்தைக் கணக்கிடும்போது கூடுதல் நேர ஊதியமும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று ஊதியச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரொக்கமாகச் சம்பளம் வாங்குவோர், வேலை நாட்களையும் பெற்ற தொகையையும் தாமே குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

பாத்திரம் கழுவுவோரின் கைகளில் வரும் தோல் அழற்சியும் பாரம் தூக்குவோரின் முதுகுவலியும் ஒரே நாளில் வருபவை அல்ல என்பதால், அவை வேலையால் வந்தவை என்று மருத்துவர் எழுதித் தருவது இங்கே இன்னும் முக்கியம்.

விண்ணப்பிக்கும் காலக்கெடு நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் துறையிடமோ உடனே கேட்டறியுங்கள். இழப்பீடு முழுவதையும் பெற்றுக்கொண்டேன் என்னும் தாளில், காயம் எந்த அளவுக்கு ஆறும் என்று மருத்துவர் சொல்வதற்கு முன் கையெழுத்திடாதீர்கள். வேலைக்குத் திரும்பும்போது, தூக்கக்கூடிய எடையையும் நிற்கக்கூடிய நேரத்தையும் மருத்துவரிடம் எழுதி வாங்கி நிர்வாகத்திடம் கொடுங்கள்.