கூலன்ட் குறைகிறதா? ஊற்றுவதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள்

வெயில் ஏற ஆரம்பித்ததும் சேலத்தில் எங்கள் பட்டறைக்கு வரும் வண்டிகள் பலவும் ஒரே புகாரோடு வருகின்றன. “ஹீட் ஆகுதுங்க.” ஏற்காடு பக்கத்திலேயே இருப்பதால், அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏறும்போதுதான் பலருக்கு என்ஜினைக் குளிர்விக்கக் கூலன்ட் என்று ஒரு திரவம் ஓடுவதே நினைவுக்கு வருகிறது. புதிதாகக் கார் ஓட்டுகிறவர்கள், அதிலும் பழைய வண்டியை வாங்கித் தானே பார்த்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள், செய்கிற தவறுகள் எல்லாம் எனக்கு நன்றாகப் பழக்கப்பட்டவை. தொழில் பழகிய காலத்தில் நாங்களும் அந்த வழியாகத்தான் வந்தோம்.

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே, கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதே என்பதை எல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் நடக்கிறவை வேறு.

“ரேடியேட்டர் மூடிதானே ஆபத்து, டப்பாவைத் திறக்கலாம்”

பானெட்டுக்குள் தெரியும் வெள்ளை பிளாஸ்டிக் டப்பா எல்லாக் காரிலும் ஒன்று அல்ல. ஒரு வகையில் ரேடியேட்டருக்குத் தனியாக ஓர் இரும்பு மூடி இருக்கும். டப்பா வெறும் சேமிப்புதான், அதற்குள் அழுத்தம் கிடையாது. இன்னொரு வகையில் ரேடியேட்டரில் மூடியே இருக்காது. அழுத்தம் தாங்கும் மூடி டப்பாவின் மேலேயே திருகியிருக்கும். சூட்டோடு அதைத் திறந்தால் ரேடியேட்டரைத் திறந்த மாதிரிதான், கொதிக்கிற கூலன்ட் முகத்தில் அடிக்கும். உங்கள் வண்டி எந்த வகை என்று இன்றைக்கே பானெட்டைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். எந்த வகையானாலும், ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டால் கை பொறுக்கும் அளவுக்கு ஆறும்வரை மூடியில் கை வேண்டாம்.

கறையை அளவு என்று நம்புவது

பழைய டப்பாக்களின் உள்பக்கம் பழுப்பாகக் கறை படிந்திருக்கும். அந்தக் கறை பெரும்பாலும் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவில் ஒரு வரி போலவே நிற்கும். வெளியிலிருந்து பார்க்கிறவர் “நடுவுல இருக்கு, சரியா இருக்கு” என்று பானெட்டை மூடிவிடுவார். உள்ளே டப்பா காலியாக இருக்கும். காலையில், வண்டி சமதளத்தில் நிற்கும்போது, ஒரு டார்ச்சை டப்பாவின் பின்பக்கம் பிடியுங்கள். இன்னொருவரை வண்டியை லேசாக அசைக்கச் சொல்லுங்கள். அசைகிற கோடுதான் கூலன்ட். அசையாத கோடு கறை.

ஓடி வந்து நிறுத்தியதும் பார்க்கும் அளவு கணக்கில் சேராது. சூட்டில் கூலன்ட் விரிந்து மேலே ஏறியிருக்கும்.

ஏன் குறைகிறது என்று கேட்காமல் ஊற்றிக்கொண்டே இருப்பது

இதைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. என்ஜின் ஆயில்கூடக் கொஞ்சம் எரிந்து குறையும். கூலன்ட் அப்படித் தீர்ந்துபோகிற பொருள் அல்ல. அது மூடிய வட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி வருவது. சேமிப்பு டப்பா மட்டும் உள்ள வண்டியில் ஆண்டு முழுவதும் சேர்த்து ஒரு விரல் அகலம் இறங்கினால் விட்டுவிடலாம். ஒரே மாதத்தில் மேல் கோட்டிலிருந்து கீழ் கோட்டுக்கு வந்துவிட்டது என்றால் அது எங்கேயோ போகிறது. அந்த ‘எங்கே’ தெரியாமல் ஊற்றுகிற ஒவ்வொரு பாட்டிலும் நோயை மறைக்கிறது.

ஒரு தம்பி பழைய டீசல் கார் ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். வைப்பர் மாற்ற வந்தபோது பின் சீட்டில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு கிடந்தன. என்ன என்று கேட்டேன். “ஒண்ணும் இல்லைங்கண்ணா, வாராவாரம் கொஞ்சம் குறையுது, ஊத்திக்கிறேன். கீழ ஒரு சொட்டுகூட இல்லைங்க, லீக் எல்லாம் கிடையாது” என்றார். பிரஷர் வைத்துப் பார்க்கலாம், அரை மணி நேர வேலை என்றேன். அடுத்த வாரம் வருகிறேன் என்று போனார். வண்டி விற்றவரும் “ஊத்திட்டு ஓட்டுங்க, இந்த மாடல் அப்படித்தான்” என்று சொல்லியிருந்தாராம். எந்த மாடலும் அப்படி இல்லை.

வண்டி அடுத்த முறை கயிறு கட்டித்தான் வந்தது. குடும்பத்தோடு ஏற்காடு ஏறும்போது, கீழ் ஹோஸ் கழன்று மொத்தக் கூலன்ட்டும் ரோட்டில் கொட்டிவிட்டது. அவர் நிறுத்தவில்லை, ஏனென்றால் டெம்பரேச்சர் முள் மேலே போகவே இல்லை. இது பலருக்குத் தெரியாத இடம். அந்த முள்ளுக்குத் தகவல் தரும் சென்சார் கூலன்ட்டில் மூழ்கி இருந்தால்தான் சரியாகச் சொல்லும். கூலன்ட்டே இல்லாமல் அது காற்றில் நின்றால், என்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் சாதாரணமாகவே காட்டக்கூடும், இறங்கவும் கூடும். முள்ளே இல்லாமல் சிவப்பு விளக்கை மட்டும் வைத்திருக்கும் கார்களிலும் இதே சிக்கல்தான். அவர் வண்டியில் என்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் வளைந்துவிட்டது. ஹெட்டைக் கழற்றி, லேத்துக்கு அனுப்பி ஃபேஸிங் செய்து, அதன் அடியில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டை மாற்றி, ஆயில், கூலன்ட் எல்லாம் புதிதாக ஊற்றி வண்டியை வெளியே விடும்போது பில் ஐந்து இலக்கத்தில் நின்றது.

கழன்ற ஹோஸை எடுத்துப் பார்த்தால் காரணம் அப்பட்டமாகத் தெரிந்தது. கிளிப் இருந்த இடத்தில் இளஞ்சிவப்பும் வெள்ளையும் கலந்த ஒரு பொருக்கு, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. கிளிப் இறுக்கம் போய்ப் பல நாட்கள் ஆகியிருக்கின்றன. என்ஜின் சூடாகி உள்ளே அழுத்தம் ஏறும்போது மட்டும் கசியும். கசிந்தது சூட்டிலேயே உலர்ந்துவிடும். தரையில் சொட்டு விழாததற்கு அதுதான் காரணம். கசிந்தது எல்லாம் அந்தப் பொருக்காக அங்கேயே ஒட்டியிருந்தது. ஒரு கிளிப்பின் விலை நூறு ரூபாய்கூட வராது. மனம் ஆறவில்லை எனக்கு.

‘கீழே சொட்டு இல்லை’ என்பதை லீக் இல்லை என்பதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எதிரான தவறும் நடக்கிறது. ஏசி போட்டு ஓட்டி நிறுத்தினால் இடப்பக்கம் முன்சீட்டுக்கு நேர் கீழே தரையில் சொட்டுகிற தெளிவான நீரைப் பார்த்துப் பயந்து ஓடி வருவார்கள். அது ஏசி தண்ணீர், நிறமும் வாசனையும் இருக்காது. கூலன்ட் விரலில் வழவழப்பாக இருக்கும், நிறம் இருக்கும், ஒரு தித்திப்பு வாசனை வரும்.

வீட்டிலேயே செய்யக்கூடியது இதுதான். டப்பாவில் இன்றைய அளவை மார்க்கர் பேனாவால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து, அதே இடத்தில், அதே காலை நேரத்தில் பாருங்கள். இறங்கியிருந்தால் ஹோஸ் முனைகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் ஓரங்கள், வாட்டர் பம்ப்பின் அடிப்பக்கம் ஆகியவற்றில் நிறப் பொருக்கு தெரிகிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். மூடியின் ரப்பர் வாஷரையும் பாருங்கள். வெடித்தோ தட்டையாகிக் கெட்டித்தோ இருந்தால் மூடியை மாற்ற வேண்டும். பல மூடிகளின் மேலேயே 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருக்கும், அது எத்தனை பார் அழுத்தத்தைத் தாங்கும் என்பதற்கான எண். அந்த அழுத்தம் இருக்கும்வரை வெறும் தண்ணீர்கூட ஏறக்குறைய 120 டிகிரி வரை கொதிக்காது. மூடி கெட்டு அழுத்தம் போய்விட்டால், 1500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். நல்ல என்ஜினே சாதாரணமாக 90 டிகிரி அளவில்தான் ஓடுகிறது. புது மூடி வாங்கும்போது பழையதில் இருந்த அதே எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

வெளியே எங்கும் தடயம் இல்லை, ஆனாலும் குறைகிறது என்றால் உள்ளே போகிறது. ஆயில் மூடியின் அடியில் பால் டீ நிறத்தில் பசை இருந்தாலோ, சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலோ, ஓடும்போது டப்பாவில் குமிழி விட்டுக்கொண்டே இருந்தாலோ ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும். டீசல் வண்டிகளில் இஜிஆர் கூலர் (என்ஜினுக்குள் திரும்பப் போகும் புகையைக் குளிர்விக்கும் பாகம்) உள்ளுக்குள் ஓட்டையாகி, கூலன்ட் சத்தமில்லாமல் புகையோடு போய்விடுவதும் உண்டு. காருக்குள் தித்திப்பு வாசனை, கண்ணாடியில் வழுக்கலான பனிப்படலம், முன்சீட்டுக் கால் பக்கம் ஈரம் என்றால், காருக்குள் சூடான காற்று தரும் குட்டி ரேடியேட்டரான ஹீட்டர் கோர் கசிகிறது. இவற்றை எல்லாம் வீட்டில் சரிசெய்ய முடியாது. மெக்கானிக்கிடம் ‘பிரஷர் டெஸ்ட் பண்ணுங்க’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். மூடி இருக்கும் இடத்தில் ஒரு கைப்பம்பை மாட்டி, ஆறிய என்ஜினில் அழுத்தம் ஏற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். அந்தப் பம்பில் உள்ள முள் இறங்கினால் லீக். கேட்டால்தான் செய்வார்கள், இல்லையென்றால் ஊற்றி அனுப்பிவிடுவார்கள்.

ஊற்றிக்கொண்டே இருப்பதில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. ஐந்து லிட்டர் பிடிக்கும் என்ஜினில் பாதி கூலன்ட், பாதி தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். அரை லிட்டர் குறையும்போதெல்லாம் தண்ணீரையே ஊற்றினால், ஐந்தாவது தடவை முடியும்போது கூலன்ட் 30 சதவீதத்துக்குக் கீழே வந்துவிடும். பத்தாவது தடவையில் 17 சதவீதம்தான். நிறம் மட்டும் இன்னும் மிச்சமிருக்கும், அதைப் பார்த்து ஏமாந்துபோவோம்.

போர் தண்ணீர்

‘இது பனி நாட்டுக்காரங்களுக்கு, நம்ம ஊர்ல எங்க உறையுது’ என்று சொல்லிக் குழாயைத் திறந்துவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூலன்ட் உறையாமல் இருப்பதற்கு மட்டும் அல்ல. கொதிநிலையை உயர்த்துவதும், அலுமினியமும் இரும்பும் அரிக்காமல் காப்பதும் அதன் வேலை. போர் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து, வாட்டர் ஹீட்டர் காயிலில் படிகிற அதே வெள்ளைப் படிவமாக ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். உப்பு அலுமினியத்தைப் புள்ளிப் புள்ளியாகத் தின்னும். நான் கழற்றிய வாட்டர் பம்ப் ஒன்றில் இறக்கைகளே கரைந்து மொட்டையாக இருந்தன.

கலக்க வேண்டியிருந்தால் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். பேட்டரி கடையில் கேனில் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. நடுவழியில் வேறு வழியே இல்லை என்றால் கேன் தண்ணீரை ஊற்றி ஊர் வந்து சேருங்கள், தப்பில்லை. ஆனால் வந்ததும் அதை எடுத்துவிட்டுச் சரியான கூலன்ட்டை மாற்றிவிட வேண்டும்.

நிறம் பார்த்து வாங்குவது

பச்சைக்குப் பச்சை, சிவப்புக்குச் சிவப்பு என்று எந்த விதியும் இல்லை. நிறம் என்பது கம்பெனி கலக்கும் சாயம். ஒரே நிறத்தில் வேறு வேறு ரசாயனங்கள் வருகின்றன. பொருந்தாத இரண்டைச் சேர்த்தால் அரிப்பைத் தடுக்கும் சக்தி போகும், சில சமயம் கூழாகக் கட்டிக்கொள்ளவும் செய்யும். வண்டியோடு வந்த கையேட்டில் எந்த வகை என்று எழுதியிருக்கும். அந்தப் பெயரைக் கடையில் சொல்லிக் கேளுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத பழைய வண்டி என்றால் முழுவதையும் வடித்து, கழுவி, புதிதாக ஊற்றுவதுதான் நல்லது.

ரெடிமிக்ஸில் தண்ணீர் சேர்ப்பது

கேனில் ‘நேரடியாக ஊற்றலாம்’ என்று இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம்.

கான்சென்ட்ரேட்டை அப்படியே ஊற்றுவது

நல்லதுக்கு என்று செய்வார்கள். தண்ணீர் கலக்காத கெட்டியான கூலன்ட் வெப்பத்தைக் குறைவாகத்தான் கடத்தும், வண்டி இன்னும் சூடாகும்.

மஞ்சள் தூள்

ரேடியேட்டர் லீக்கை அடைக்க மஞ்சள் தூள் போடுவது லாரிக்காரர்கள் காலத்து வழக்கம். அவசரத்துக்குக் கொஞ்ச தூரம் கொண்டுசேர்த்திருக்கிறது, மறுக்கவில்லை. இன்றைய கார்களின் ரேடியேட்டர் குழாய்களும் ஹீட்டர் கோரும் ரொம்பக் குறுகலானவை, லீக்கோடு சேர்த்து வழியையும் அடைத்துவிடும்.

வைப்பர் தண்ணீர் டப்பாவில் ஊற்றுவது

மூடியில் உள்ள படத்தைப் பாருங்கள். கண்ணாடியில் நீர் தெளிப்பது போல வரைந்திருந்தால் அது வைப்பர் டப்பா.

நிறைய ஊற்றிய உடனே கிளம்பிவிடுவது

ஒரு லிட்டருக்கு மேல் ஊற்றியிருந்தால் உள்ளே காற்று மாட்டியிருக்கும். காற்று நிற்கிற இடத்தில் கூலன்ட் போகாது. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும்வரை என்ஜினை ஐடிலில் விடுங்கள். சில வண்டிகளில் காற்றை வெளியேற்ற ஒரு சின்ன ஸ்க்ரூவும் இருக்கும், கையேட்டில் பாருங்கள். நன்றாக ஆறியதும் அளவு இறங்கியிருக்கும், இறங்கிய அளவுக்கு டப்பாவை நிரப்ப வேண்டும். மறுநாள் காலை இன்னொரு முறை பாருங்கள். இது லீக் அல்ல, காற்று போன இடத்தைக் கூலன்ட் பிடித்திருக்கிறது. மூன்றாவது நாளும் இறங்கினால் மார்க்கர் பேனாவை எடுக்க வேண்டியதுதான்.

வடித்த கூலன்ட்டைத் தட்டிலேயே விடுவது

கூலன்ட்டில் இருக்கும் எத்திலின் கிளைக்கால் விஷம், தித்திப்பாகவும் இருக்கும். நாயோ பூனையோ கொஞ்சம் நக்கினாலே சிறுநீரகம் போய்விடும், குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. வடித்ததை உடனே கேனில் ஊற்றி மூடி, மேலே எழுதி ஒட்டி, பழைய ஆயில் எடுக்கும் பட்டறையில் கொடுங்கள். குடிநீர் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள். தரையில் சிந்தியதைத் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவிவிடுங்கள்.