எந்தச் சுண்ணாம்பு எந்த வேலைக்கு? முதல்முறை பூசுபவர்களுக்கு

பழைய சுண்ணாம்புச் சுவரில் காரை பெயர்ந்தால் பலரும் சிமென்ட் குழைத்து அப்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சிமென்ட் பூச்சு சுவரின் ஈரத்தை எளிதில் வெளியே விடாது. ஈரம் உள்ளேயே தங்கி, செங்கல் உப்புப் பூத்து உதிரத் தொடங்கும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான் சரி. ஆனால் கடையில் அந்த ஒரே பெயரில் பல சரக்கு கிடைக்கும். முதலில் அதைப் பிரித்தறிவோம்.

1. வகையைத் தெரிந்துகொள்ளுங்கள்

கிளிஞ்சலையோ சுண்ணாம்புக்கல்லையோ காளவாயில் சுமார் 900 டிகிரி வெப்பத்தில் சுட்டால் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். தண்ணீர் பட்டதும் அது கொதித்து நீறும். பூசிய பிறகு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல வாங்கி மறுபடி கல்லாகும்.

கிளிஞ்சல் சுண்ணாம்பு தூய்மையானது, பளிச்சென்று வெள்ளை. செட்டிநாட்டு வீடுகளின் வழவழப்பான சுவர்ப்பூச்சு இதில் செய்ததுதான். மேல்பூச்சுக்கும் வெள்ளையடிக்கவும் இதற்கு இணை இல்லை. காற்று பட்டால்தான் இறுகும், அதனால் தண்ணீர் தேங்கும் இடத்துக்கு ஆகாது.

சுக்கான்கல்லில் களிமண் கலந்திருக்கும். அதைச் சுட்டு எடுக்கும் சுண்ணாம்பு சற்று மங்கலாக இருக்கும், ஆனால் ஈரத்திலும் இறுகும். அடித்தளம், கட்டுவேலை, ஈரச்சுவர் என்றால் இதைத் தேடுங்கள். இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 712) ஈரத்தில் நன்றாக இறுகுவதை ஏ என்றும், ஓரளவு இறுகுவதை பி என்றும், தூய சுண்ணாம்பை சி என்றும் வகுக்கிறது.

வெறும் சுண்ணாம்புக்கல்லை அரைத்த தூளும் மூட்டையில் வரும். அது சுடாத கல். எவ்வளவு குழைத்தாலும் பிடிக்காது.

2. உருண்டைச் சோதனை

ஒரு கட்டியைத் தண்ணீரில் போடுங்கள். சீறி, சூடேறி, உடைந்தால் நல்ல சரக்கு. சும்மா கிடந்தால் ஏற்கெனவே காற்றுப் பட்டுக் கெட்டது.

அப்புறம் கொஞ்சம் நீற்றிய சுண்ணாம்பைக் (நீற்றும் முறை அடுத்த பகுதியில்) கெட்டியாகப் பிசைந்து எலுமிச்சம்பழ அளவில் உருட்டுங்கள். ஆறு மணி நேரம் அசைக்காமல் விட்டு, ஒரு கிண்ணத் தண்ணீரில் போடுங்கள். சில நிமிடங்களில் ஊதிக் கரைந்தால் சி வகை. லேசாக ஊதி நிறைய விரிசல் விட்டால் பி வகை. எதுவும் ஆகாமல் அப்படியே நின்றால் ஏ வகை. விற்பவர் சொல்லும் பெயரைவிட இந்த உருண்டையை நம்பலாம்.

3. நீற்றுதல்

இரும்பு டிரம்மில் சுண்ணாம்பைப் போல மூன்று மடங்கு தண்ணீர் எடுத்து, அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். பிளாஸ்டிக் வாளி சூட்டில் இளகிவிடும், குழந்தைகள் பக்கத்தில் வரவே கூடாது. கிளறி ஆறவிட்டு, சல்லடையில் வடியுங்கள்.

சி வகை விழுதைத் தண்ணீருக்கடியில் இரண்டு வாரமாவது ஊறப்போடுங்கள், நாளாக நாளாக வெண்ணெய்போல் ஆகும். ஏ, பி வகைகளை இப்படி வைத்தால் இறுகிவிடும். குழைத்த அன்றே தீர்க்க வேண்டும்.

4. கலவை

அடிப்பூச்சுக்கு ஒரு பங்கு விழுது, மூன்று பங்கு சலித்த மணல். கையில் சி வகைதான் இருக்கிறது, சுவரோ ஈரம் என்றால் சுர்க்கி, அதாவது செங்கல் தூள் சேருங்கள்: ஒரு பங்கு சுண்ணாம்பு, ஒரு பங்கு சுர்க்கி, இரண்டு பங்கு மணல். அதிகம் வேகாத செங்கலின் தூள்தான் வேலை செய்யும். 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டியதுதான். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை ஊற்றிக் குழைப்பது நம் ஊர் வழக்கம். முதல் தடவைக்கு அது இல்லாமலே பழகுங்கள்.

5. பூச்சு

சுவரை முதல்நாளே நனையுங்கள். ஒரு தடவைக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்றாதீர்கள். அடிப்பூச்சு இறுகிய பிறகே அடுத்தது. நேரடி வெயில் படாமல் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு, ஒரு வாரம் தண்ணீர் தெளியுங்கள். வேகமாகக் காய்ந்தால் வெடிக்கும்.

மிஞ்சிய சி வகை விழுதைக் கொட்டிவிடாதீர்கள். மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி மூடிவைத்தால் அடுத்த வருஷமும் அதையே எடுத்துப் பூசலாம்.