நல்ல டஸ்டர் செய்ய நினைப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

அறிவியல் கண்காட்சிக்கான சுற்றறிக்கை வந்த மறுநாளே யாராவது ஒரு பிள்ளை ஆசிரியர் அறை வாசலில் வந்து நிற்கும். "டீச்சர், தூள் பறக்காத டஸ்டர் செய்யலாமா?" பள்ளிப் பிள்ளைகளின் புது யோசனைகளுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பையர் மானக் விருதுக்கு யோசனை அனுப்பும் சமயத்திலும் இதே கேள்விதான். பாலிடெக்னிக்குக்கும் பொறியியல் கல்லூரிக்கும் போன என் பழைய மாணவர்கள் மினி புராஜெக்டுக்கு இதையே எடுத்துக்கொண்டு போன் செய்கிறார்கள். எனக்கு இந்த ஆசை ரொம்பப் பிடிக்கும். தினமும் கண்ணெதிரே இருக்கிற தொல்லை, கையில் இருக்கிற பொருள், அதற்குள் நிறைய இயற்பியல். ஆனால் நான் பார்த்த மாதிரிகளில் பெரும்பாலானவை ஒரே சில இடங்களில்தான் சறுக்கின. அவற்றை எழுதி வைத்தால் அடுத்து வருகிறவர்களுக்கு ஒரு மாத வேலையாவது மிச்சமாகும்.

முதல் தவறு, போர்டு சுத்தமாகிவிட்டதா என்று மட்டும் பார்ப்பது. பழைய துணி, கசக்கிய செய்தித்தாள், உள்ளங்கை, எதை வைத்துத் தேய்த்தாலும் எழுத்து மறையும். மறைந்த எழுத்து எங்கே போனது என்று கேளுங்கள். அது போகக்கூடிய இடங்கள் நான்குதான்: டஸ்டருக்குள், போர்டிலேயே மங்கலாக, தரையில், காற்றில். முதல் பங்கு கூட வேண்டும், கடைசிப் பங்கு குறைய வேண்டும். டஸ்டர் வடிவமைப்பு என்பது முழுக்க இந்தப் பங்கீட்டுக் கணக்குதான்.

கரும்பலகை பார்வைக்குத்தான் சமதளம். அதில் சொரசொரப்பு இருப்பதால்தான் சாக்பீஸ் தேய்ந்து ஒட்டுகிறது. ஜன்னல் கண்ணாடியில் எழுதிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அந்த நுண்ணிய பள்ளங்களில் உட்கார்ந்திருக்கும் தூளை டஸ்டரின் முகத்தில் இருக்கும் ஃபெல்ட்டின் (இழைகளை அழுத்திச் செய்த தடித்த துணி) இழைநுனிகள் கிளறி எடுக்கின்றன. எடுத்த தூள் இழைகளுக்கு நடுவே இருக்கும் சந்துகளில் போய்த் தங்குகிறது. சந்து நிரம்பும்வரை டஸ்டர் வேலை செய்யும். நிரம்பியபிறகு ஓரிடத்துத் தூளை எடுத்து இன்னோரிடத்தில் பூசும், போர்டு சாம்பல் பூத்துப்போகும். புது டஸ்டர் ஜூன் மாதம் பளிச்சென்று துடைப்பதும், ஆகஸ்டில் அதே டஸ்டர் எரிச்சலூட்டுவதும் இதனால்தான். ஆகவே ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது அது எவ்வளவு நன்றாகத் துடைக்கிறது என்பதோடு, எவ்வளவு தூளைத் தாங்கும் என்பதையும் பார்க்க வேண்டும்.

இதை ஒட்டியே இரண்டாவது சறுக்கல்: கீழே கொட்டும் பொடியைப் பார்த்துப் பயப்படுவது. கண்ணுக்குத் தெரியும் அந்தப் பொடியால் பெரிய தொல்லை இல்லை, துடைப்பம் போதும். நம் பக்கத்தில் விற்கும் சாக்பீஸ் பெரும்பாலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைத் தண்ணீரில் கரைத்து அச்சில் ஊற்றிச் செய்வது. இறுகியதும் அது ஜிப்சம். ஜிப்சத்தின் அடர்த்தியை வைத்து சின்னத் துகள் விழும் வேகத்தைச் சொல்லும் ஸ்டோக்ஸ் விதிப்படி கணக்குப் போட்டால், அசையாத காற்றில் 1.5 மீட்டர் உயரத்திலிருந்து 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள் தரைக்கு வர 9 நொடி போதும். 10 மைக்ரான் துகளுக்கு மூன்றரை நிமிடம். 1 மைக்ரான் துகளுக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம். மின்விசிறி ஓடும் வகுப்பில் அது இன்னும் நேரம் மிதக்கும். பள்ளி விட்டபிறகும் முதல் பீரியட் தூள் காற்றில் இருக்கலாம் என்பது பிள்ளைகளைக் கணக்குப் போட வைத்தால்தான் அவர்களுக்கு உறைக்கிறது. நம் டஸ்டர் பிடிக்க வேண்டியது இந்தச் சின்னத் துகளைத்தான்.

கால்சியம் கார்பனேட்டில் செய்த, கொஞ்சம் கனமான சாக்பீஸும் கடையில் கிடைக்கிறது. 'தூசியற்ற' என்று அட்டையில் போட்டிருக்கும். துகள் பெரிதாக உதிர்ந்து சீக்கிரம் கீழே விழுகிறது என்பதுதான் அதன் பொருள், தூசியே வராது என்பதில்லை. இந்தச் சாக்பீஸில் சோதித்துவிட்டு டஸ்டரின் சாமர்த்தியம் என்று எழுதிவிடாதீர்கள். எதில் சோதித்தீர்களோ அதைக் குறித்து வையுங்கள்.

தூள்பெட்டி, விசிறி, மோட்டார்

பத்து மாதிரிகளில் ஆறில் டஸ்டருக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கும். துடைக்கும்போது விழும் தூள் அதில் சேரும் என்பது யோசனை. செய்து பார்த்தால் இரண்டு தொல்லைகள். தூள் டஸ்டரின் கீழ் விளிம்பில் மட்டும் விழுவதில்லை. பக்கவாட்டில் துடைக்கும்போது பக்கவாட்டில் சிதறுகிறது, போர்டை ஒட்டியே வழிகிறது. அப்புறம், டஸ்டரை மேசையில் வைக்க வேண்டுமே? மல்லாத்தி வைத்தால் சேர்ந்த தூள் எல்லாம் வெளியே வந்துவிடும். பெட்டி வேண்டும் என்றால் போர்டின் அடியில் நீளமாக ஒரு தட்டு பொருத்துங்கள், கையில் இருக்கும் டஸ்டரில் வேண்டாம். அந்தத் தட்டில் ஈரத்துணி ஒன்றை விரித்து வைத்தால் விழுந்த தூள் மறுபடி கிளம்பாது.

அடுத்தது உறிஞ்சும் விசிறி. பழைய கம்ப்யூட்டர் விசிறி ஒன்று, பேட்டரி ஒன்று, பின்னால் ஒரு துணிப்பை. பார்க்க அழகாக இருக்கும். உள்ளே இழுத்த காற்று வெளியே வந்தாக வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். துணிப்பையின் நெசவுச் சந்தில் பெரிய துகள் மாட்டிக்கொள்ளும், சின்னது தப்பித்து ஆசிரியரின் முகத்துக்கு நேரே வரும். ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். ஆனால் அதன் வழியே காற்றைத் தள்ள அந்தச் சின்ன விசிறிக்கு அழுத்தம் போதாது. மோட்டாரைப் பெரிதாக்கினால் எடை கூடும், சத்தம் கூடும், பாடம் நடுவில் நின்றுபோகும். ஜப்பானியப் பள்ளிகளில் இதை வேறு விதமாகத் தீர்த்திருக்கிறார்கள். மின்சார உறிஞ்சியை வகுப்பின் ஓரத்தில் ஒரு பெட்டியாக வைத்துவிட்டார்கள். டஸ்டரை அதன்மேல் தேய்த்தால் தூள் உள்ளே போய்விடும். கையில் இருக்கும் டஸ்டர் சாதாரணமானதுதான்: முகத்தில் வரிவரியான கார்டுராய் துணி, உள்ளே ஸ்பாஞ்ச், முதுகில் கைவிரல் நுழைக்க ஒரு பட்டை. கனமான வேலையைக் கையிலிருந்து பிரித்தது எனக்கு மிகவும் பிடித்த முடிவு.

கல்லூரிப் பிள்ளைகளின் தானியங்கி போர்டு துடைப்பான் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு தண்டவாளம், பெல்ட், மோட்டார், அதை இயக்க ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகை. பொத்தானை அழுத்தினால் நீளமான ஒரு கட்டை போர்டு முழுவதையும் துடைத்துக்கொண்டு போகும். நான் வகுப்பில் போர்டு முழுவதையும் துடைப்பது பீரியட் முடியும்போது ஒரே ஒருமுறை. மற்ற நேரமெல்லாம் ஓர் எழுத்தை, ஒரு குறியை, சமன்பாட்டில் ஒரு வரியை அழிக்கிறேன். படத்தை விட்டுவிட்டு அதன் பெயர்களை மட்டும் அழித்து, "இப்போது நீங்கள் சொல்லுங்கள்" என்று கேட்கிறேன். டஸ்டர் என்பது பாதி எழுதுகோல் மாதிரி. கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் இடத்தை மட்டும் துடைக்க ஒரு கூர்முனை இல்லாத டஸ்டரை எந்த ஆசிரியரும் விரும்பமாட்டார், கடைசியில் விரலால்தான் அழிப்பார். வடிவமைக்கத் தொடங்குவதற்கு முன் ஏதாவது ஒரு வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசிரியர் ஒரு பீரியடில் எத்தனை முறை, எவ்வளவு இடத்தை, எந்தத் திசையில் துடைக்கிறார் என்று எண்ணி எழுதுங்கள். இதைவிடப் பயனுள்ள வீட்டுப்பாடம் எனக்குத் தெரியவில்லை.

எல்லா போர்டும் ஒன்றில்லை

நம் பள்ளிகளில் சுவரில் சிமெண்ட் பூசி, கறுப்புப் பெயிண்ட் அடித்த போர்டு இருக்கிறது. மரப்பலகை இருக்கிறது. பச்சை நிற உலோகப் பலகை இருக்கிறது. நான் படித்த காலத்தில் கோவை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்து, சனிக்கிழமைகளில் நாங்களே போர்டுக்குப் பூசுவோம். ஒவ்வொன்றின் சொரசொரப்பும் வேறு. காந்தம் பதித்த டஸ்டர் உலோகப் பலகையில் ஜம்மென்று ஒட்டும், சிமெண்ட் சுவரில் அந்தக் காந்தம் வெறும் சுமை. மிக மெல்லிய இழைகளால் ஆன மைக்ரோஃபைபர் துணி வழவழப்பான பலகையில் அருமையாகத் துடைக்கும், கரடுமுரடான சுவரில் ஒரே வாரத்தில் இழை பிய்ந்துவிடும். யாருடைய போர்டுக்காகச் செய்கிறீர்கள் என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள்.

ஈர டஸ்டர் என்று சிலர் வருகிறார்கள். தூள் பறக்காது, உண்மை. ஜெர்மனியில் வகுப்பறைகளில் ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, ரப்பர் விளிம்பு வைத்த வழிப்பானால் நீரை இழுத்துவிடும் பழக்கம் உண்டு. அந்த இரண்டாவது கருவியை விட்டுவிட்டு ஸ்பாஞ்சை மட்டும் எடுத்துக்கொண்டால் வேலை கெடும். ஈரம் காயும்வரை எழுத்து பதியாது. காய்ந்ததும் வெள்ளைப் படலம் தெரியும். தூளைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு போவதில்லை, பரப்பி விடுகிறது. கறுப்புப் பெயிண்ட் அடித்த சுவரோ அடிக்கடி நனைந்தால் உரியத் தொடங்கும். மாலையில் ஒருமுறை ஈரத்துணி, பகலில் உலர் டஸ்டர் என்று பிரித்துக்கொள்வதே நடக்கிற காரியம்.

பொருள்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பாலியூரித்தேன் ஸ்பாஞ்ச் மலிவு, மெத்தென்று இருக்கும். நம் வெயிலிலும் ஈரக்காற்றிலும் ஓரிரு ஆண்டுகளில் பொடிப்பொடியாக உதிரும். அதைத் தெரிந்தே உள்ளே வையுங்கள், மாற்றும்படி வையுங்கள். ஆணி வேண்டவே வேண்டாம். ஃபெல்ட் தேய்ந்ததும் ஆணித்தலை போர்டில் கோடு கிழிக்கும், அந்தக் கோடு போர்டின் ஆயுளுக்கும் இருக்கும். சூட்டில் உருக்கி ஒட்டும் பசையும் உச்சி வெயிலில் ஜன்னலோரம் இளகிவிடுகிறது.

பிடிக்கிற கையை மறந்துவிட்ட மாதிரிகளும் உண்டு. எனக்கு உயரம் குறைவு. போர்டின் மேல் வரியை அழிக்க நுனிக்காலில் நின்று கையை முழுதாகத் தூக்க வேண்டும். அந்த நிலையில் அரைக்கிலோ எடையைப் பிடித்துத் தேய்த்துப் பாருங்கள், தோள்பட்டை பதில் சொல்லும். சாக்பீஸ் பிடித்த விரல்களோடே டஸ்டரையும் பிடிக்கிறோம் என்பதால் முதுகு வழவழவென்று இருந்தால் நழுவும். இரண்டு பக்கமும் விரல் பதிய ஒரு பள்ளம் போதும்.

சோதித்தோம் என்று சொல்வதற்கு முன்

'90 சதவீதம் தூசி குறைந்தது' என்று சார்ட்டில் எழுதியிருப்பார்கள். எப்படி அளந்தீர்கள் என்றால் பதில் இருக்காது. அளப்பது கஷ்டமில்லை. 0.01 கிராம் காட்டும் சின்ன நகைத்தராசு போதும். சாக்பீஸை எடை போடுங்கள், டஸ்டரை எடை போடுங்கள், கறுப்பு சார்ட் ஒன்றை எடை போட்டுப் போர்டின் அடியில் விரியுங்கள். ஒரு சதுர மீட்டரை எழுதி நிரப்புங்கள், துடையுங்கள்; பத்து முறை செய்யுங்கள், இல்லாவிட்டால் எடை மாற்றம் தராசுக்குப் பிடிபடாது. சாக்பீஸ் இழந்த எடை போர்டுக்குப் போன தூள். டஸ்டரில் கூடியது ஒரு பங்கு, சார்ட்டில் விழுந்தது ஒரு பங்கு. மீதி போர்டிலும் காற்றிலும். இதையே பழைய டஸ்டரிலும் செய்து பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். சரி, புது டஸ்டரில் ஒருமுறை சோதித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். நூறு முறை துடைத்தபிறகு வரும் எண்தான் உண்மையான எண்.

உடல்நலம் பற்றி எழுதும்போதும் நிதானம் வேண்டும். சாக்பீஸ் தூசியால் புற்றுநோய் வரும் என்று சார்ட்டில் போடாதீர்கள். கண், தொண்டை உறுத்தல், இருமல், ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தொந்தரவு, இவை போதுமான காரணங்கள். தூசி குறைந்த சில சாக்பீஸ்களில் பால் புரதமான கேசீன் சேர்க்கப்படுவதால் பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு அது ஆகாமல் போகலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காப்புரிமை எண்ணம் இருந்தால், யூடியூபில் போட்டுவிட்டு விண்ணப்பிக்கப் போகாதீர்கள். வெளியே காட்டியபிறகு அது புதுமை என்று வாதிடுவது கடினம். முதலில் தற்காலிக விவரக்குறிப்பை, அதாவது யோசனையின் முதற்கட்ட விளக்கத்தை, தாக்கல் செய்தால், முழு விவரம் தர 12 மாதம் அவகாசம் கிடைக்கும்.

கடைசியாக, நான் அதிகம் கவலைப்படுவது டஸ்டரை யார் சுத்தம் செய்கிறார்கள் என்பதைப் பற்றி. 1987-இல் வந்த கரும்பலகைத் திட்டத்தில் ஆரம்பப் பள்ளிகளுக்குத் தர வேண்டிய அடிப்படைப் பொருள்களில் சாக்பீஸும் டஸ்டரும் இருந்தன. டஸ்டரைச் சுத்தம் செய்ய ஒன்றும் இல்லை. அந்த வேலை அன்றும் இன்றும் ஒரு பிள்ளையின் கையில்தான் இருக்கிறது. வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் படபடவென்று தட்டும், வெள்ளைப் புகை முகத்தில் அடிக்கும், சிரித்துக்கொண்டே திரும்பி வரும். நாள் முழுவதும் டஸ்டர் பிடித்து வைத்த தூளை ஒரே நிமிடத்தில் ஒரு குழந்தை சுவாசிக்கிறது. பிடித்த தூளை வெளியேற்ற வழி சொல்லாத வடிவமைப்பை நான் பாதி வேலை என்றே எண்ணுகிறேன்.

இரண்டு வருடம் முன்பு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர், பழைய கார்டுராய் பேண்ட்டை வெட்டி டஸ்டருக்கு உறை தைத்தார்கள். வெல்க்ரோவில் ஒட்டி எடுக்கலாம், ஒரு மூலை மட்டும் கூராக இருக்கும். உறை மூன்று. ஒன்று டஸ்டரில், ஒன்று மூடி போட்ட வாளித் தண்ணீரில், ஒன்று கொடியில். அந்த வகுப்பு வராந்தாச் சுவரில் இப்போது டஸ்டர் தட்டிய வெள்ளைத் தடம் இல்லை.