பட்ஜெட் கர்வ்டு மானிட்டர் வாங்கியிருக்கிறீர்களா? முதலில் இதைப் பாருங்கள்

பட்ஜெட் விலையில் கர்வ்டு கேமிங் மானிட்டர் வாங்கியவர்கள் பலரும் சொல்லும் குறை இது: "165 ஹெர்ட்ஸ்னு போட்டிருக்கு, ஆனா பழைய மானிட்டர் மாதிரியேதான் இருக்கு." பெரும்பாலும் மானிட்டரில் கோளாறு இருக்காது. விண்டோஸ் அதை 60 ஹெர்ட்ஸிலேயே, அதாவது நொடிக்கு 60 முறை மட்டும் படத்தைப் புதுப்பித்து, ஓட்டிக்கொண்டிருக்கும். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் ரெஃப்ரெஷ் ரேட்டை நாம்தான் மாற்ற வேண்டும். அங்கே 165 தென்படவே இல்லையா? கேபிளைப் பாருங்கள். இந்த விலையில் வரும் பல மாடல்களில் எச்டிஎம்ஐ வழியாக முழு வேகம் கிடைக்காது, டிஸ்ப்ளேபோர்ட்டில்தான் கிடைக்கும். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் அதில் செருகியிருக்க வேண்டும், மதர்போர்டில் அல்ல.

இருட்டான காட்சிகளில் உருவத்துக்குப் பின்னால் கறுப்பாக இழுபடுகிறதா? மலிவு விலை வளைந்த திரைகளில் பெரும்பாலானவை விஏ (VA) என்ற எல்சிடி வகை பேனல். கறுப்பு நிறம் அருமையாக இருக்கும், ஆனால் கறுப்பிலிருந்து சாம்பலுக்கு மாறக் கொஞ்சம் திணறும். மானிட்டர் மெனுவில் ஓவர்டிரைவை (பிக்சல் நிறம் மாறும் வேகத்தைக் கூட்டும் அமைப்பு) நடுவில் வையுங்கள். உச்சத்துக்கு ஏற்றினால் நகரும் பொருளைச் சுற்றி வெளிறிய விளிம்பு தெரியும். பெட்டியில் போட்டிருக்கும் '1 எம்எஸ்' (மில்லிசெகண்ட்) பல நேரம் எம்பிஆர்டி (MPRT) கணக்கு; நகரும் படம் கண்ணுக்கு எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பதன் அளவு அது, பிக்சல் நிறம் மாறும் நேரம் அல்ல. அதற்கான மோடை ஆன் செய்தால் திரையின் வெளிச்சம் குறையும்.

இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், 27 அங்குலத்தில் 1080பி (1920x1080 பிக்சல்) வேண்டாம். அங்குலத்துக்குச் சுமார் 82 பிக்சல்தான், எழுத்து பிசிறடிக்கும். எக்செல், கோடிங் வேலையும் அதிலேயே என்றால் என் ஓட்டு 24 அங்குலத்துக்கு.